மணிக்கணக்கில் விற்கப்படும் வேலை: ஐ.டி. டெவலப்பரின் குறைகள் எங்கிருந்து வருகின்றன?

சென்னைப் பக்கம் சோழிங்கநல்லூரிலோ சிறுசேரியிலோ, வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் வேலை செய்துகொடுக்கும் ஒரு சர்வீஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் டெவலப்பரிடம் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். பதில்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பேப்பர் போட்டால், அதாவது ராஜினாமா செய்தால், தொண்ணூறு நாள் விடமாட்டார்கள். பெஞ்சில், அதாவது புராஜெக்ட் இல்லாமல், நாலு வாரம் உட்கார்ந்தால் எச்.ஆர். போன் வரும். ராத்திரி எட்டரைக்கு கிளையன்ட் கால். எட்டு வருஷம் ஆனதும், கோட் எழுதியது போதும், இனி ஆட்களைப் பார்த்துக்கொள் என்பார்கள். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இது ஏ.சி. அறையில் உட்கார்ந்து சம்பாதிப்பவர்களின் சலிப்பாகத் தெரிகிறது. உள்ளே இருப்பவர்களும் மேனேஜர் சரியில்லை, கம்பெனி சரியில்லை என்று சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். இந்தத் தொழிலிலேயே இருப்பவன் என்ற முறையில் என் எண்ணம் வேறு. மேனேஜர் மாறினாலும் கம்பெனி மாறினாலும் இந்தக் குறைகள் கூடவே வருகின்றன என்றால், அவற்றின் வேர் தனி மனிதர்களிடம் இல்லை. நம் கம்பெனிகள் எதை விற்கின்றன என்பதில் இருக்கிறது. பெரும்பாலானவை விற்பது ஆளின் மணிநேரத்தை.

இந்த வியாபாரம் எப்படித் தொடங்கியது என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும். டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் (டி.சி.எஸ்.) 1968-இல் தொடங்கியது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இந்திய நிறுவனங்கள் செய்த ஏற்றுமதியில் பெரும்பகுதி, புரோகிராமர்களை விமானம் ஏற்றி கிளையன்ட் அலுவலகத்தில் உட்கார வைப்பதுதான். இறக்குமதி வரி கம்ப்யூட்டரின் விலையை எட்டாத உயரத்தில் வைத்திருந்த காலம் அது. ஆட்களை அனுப்புவது சுலபம், இயந்திரத்தைக் கொண்டுவருவது கஷ்டம். 1991-இல் மத்திய அரசு எஸ்.டி.பி.ஐ. என்ற மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பை ஏற்படுத்தி, சாட்டிலைட் இணைப்பு கொடுத்த பிறகு, அதே வேலையை இங்கிருந்தே செய்ய வழி பிறந்தது. அப்புறம் வந்தது 2000-ஆம் ஆண்டுப் பிரச்சினை. ஆண்டை இரண்டே இலக்கங்களில் பதிந்து வைத்திருந்த பழைய ‘கோபால்’ (COBOL) கணினி மொழி நிரல்களை வரிவரியாகத் திருத்த மேற்கத்திய நிறுவனங்களுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள், நிறைய ஆட்கள், குறைந்த விலையில். தரமணியில் டைடல் பார்க் 2000 ஜூலையில் திறக்கப்பட்டபோது அந்த அலை முடிந்திருந்தது. ஆனால் அது விட்டுச்சென்ற பழக்கம் முடியவில்லை. இத்தனை ஆட்கள், இத்தனை மணிநேரம், மணிக்கு இத்தனை டாலர்: இதுதான் விலைப்பட்டியல்.

இதைத் தொழிலில் ‘டைம் அண்ட் மெட்டீரியல்’ என்பார்கள். மொத்தமாக இவ்வளவு என்று பேசி முடிக்கும் ‘ஃபிக்ஸட் பிரைஸ்’ ஒப்பந்தங்களும் உண்டு. ஆனால் அந்த மொத்தத் தொகையையும் உள்ளே ஆள்-மாதக் கணக்கில்தான் போட்டிருப்பார்கள். ஒரு கணக்குக்காக, இங்கிருந்து வேலை செய்யும் ஜூனியர் டெவலப்பருக்கு கிளையன்ட் மணிக்கு 25 டாலர் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு எட்டு மணிநேரம், மாதத்துக்கு இருபது நாள் என்றால் 4,000 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று போட்டாலும் மூன்று லட்சத்து நாற்பதாயிரம். புதிதாகச் சேரும் பட்டதாரிக்கு பெரிய சர்வீஸ் கம்பெனி ஒன்று ஆண்டுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அவருடைய ஒரு மாத பில், அவருடைய ஒரு வருஷச் சம்பளம்.

வித்தியாசம் அத்தனையும் லாபம் என்று சொன்னால் அது நியாயமாகாது. கட்டடம், விற்பனைக் குழு, பில் ஆகாத மேலாளர்கள், பயிற்சிக் காலம், வரி எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். அதெல்லாம் போன பிறகும் டி.சி.எஸ்.ஸின் செயல்பாட்டு லாபம் வருமானத்தில் நூற்றுக்கு 25-ஐ ஒட்டியே பல ஆண்டுகளாக நிற்கிறது. அதே காலத்தில் ஃப்ரெஷர் சம்பளம்? 2010 வாக்கில் மூன்று லட்சத்துக்குச் சற்று மேலே இருந்தது, இன்றும் மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. விலைவாசியோ இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. பொறியியல் கல்லூரிகள் ஆண்டுதோறும் ஆட்களை அனுப்பிக்கொண்டே இருக்கும் வரை கம்பெனிக்கு அதை உயர்த்த வேண்டிய கட்டாயமே வரவில்லை. துரைப்பாக்கத்தில் ஓர் அறையை மூன்று பேராகப் பகிர்ந்துகொண்டு, ஊருக்குப் பணம் அனுப்பி, கல்விக்கடனும் கட்டும் பையனைச் சொகுசு வேலைக்காரன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

மணிநேரம்தான் சரக்கு என்றால், விற்காத மணிநேரம் நஷ்டம். பெஞ்ச் பற்றிய பயம் இங்கேதான் பிறக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டைம்ஷீட் போடும்போது ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புராஜெக்ட் கோடு (அந்த வேலைக்கான குறியெண்) கேட்கும். பில்லிங் உள்ள புராஜெக்ட் என்றால் எட்டு மணிநேரத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். புராஜெக்டிலிருந்து ரிலீஸ் ஆனவருக்கு வேறு கோடு. அந்தக் கோடு ஓடத் தொடங்கிய நாளிலிருந்து அவர் பெயர் ஒரு பட்டியலில் ஏறும். ஆட்களைப் புராஜெக்டுகளுக்குப் பிரித்துவிடும் ஆர்.எம்.ஜி. குழு அந்தப் பட்டியலை வாராவாரம் பார்க்கும். அவர் நல்ல டெவலப்பரா, கடந்த புராஜெக்டில் எதைக் காப்பாற்றினார் என்பது அதில் இருக்காது. எத்தனை நாள், என்ன ஸ்கில், எந்த ஊர் என்பது மட்டும் இருக்கும். ஜாவா தெரிந்தவரை மெயின்பிரேம் சப்போர்ட்டுக்கும், மதுரைப் பக்கம் வீடு வைத்திருப்பவரை ஹைதராபாதுக்கும் போகச் சொல்வது இப்படித்தான் நடக்கிறது. முடியாது என்றால் ‘வாய்ப்பை மறுத்தார்’ என்று பதிவாகும்.

2025 ஜூனில் டி.சி.எஸ். இதை எழுதியே வைத்தது. ஓர் ஆண்டில் குறைந்தது 225 நாள் பில்லிங் இருக்க வேண்டும், பெஞ்ச் 35 நாளைத் தாண்டக் கூடாது. புதிய ஆர்டர்களைக் கொண்டுவருவது விற்பனைக் குழுவின் வேலை. அது நடக்காவிட்டால் அதற்கான விலை டெவலப்பரின் வருட மதிப்பீட்டில் விழுகிறது. என் கண்ணில் இந்தத் துறையின் மிகப் பெரிய அநியாயம் இதுதான். வியாபாரத்தில் வரும் ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளத்தான் முதலாளிக்கு லாபம் என்று படித்திருக்கிறோம். இங்கே லாபம் ஒரு பக்கமும் அபாயம் இன்னொரு பக்கமும் போய்விட்டது.

தொண்ணூறு நாள் நோட்டீஸும் இதே கணக்கிலிருந்து வருவதுதான். முன்பு ஒரு மாதம், இரண்டு மாதம் என்று இருந்தது. ஒருவர் விலகினால் கம்பெனி இன்னொருவரைத் தேடி, கிளையன்ட் அவரை இன்டர்வியூ செய்து, பழைய ஆள் புதிய ஆளுக்கு வேலையைச் சொல்லிக்கொடுக்கும் கே.டி. கொடுத்து முடிக்க வேண்டும். புதிய ஆள் கற்றுக்கொள்ளும் வாரங்களுக்குப் பல கிளையன்ட்கள் காசு தருவதில்லை. அந்த இடைவெளியில் பில்லிங் அறுபடாமல் இருக்க, போகிறவரை நீண்ட நாள் பிடித்து வைப்பதுதான் மலிவான வழி. சட்டப்படி பார்த்தால் யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்க முடியாது. ஒருவருடைய சொந்த உழைப்பைச் சார்ந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றும்படி நீதிமன்றம் உத்தரவிடாது, அதிகபட்சம் இழப்பீடுதான் கேட்கலாம். அப்படியிருந்தும் எல்லாரும் ஏன் உட்கார்ந்திருக்கிறோம்? முறைப்படி விடுவித்துவிட்டோம் என்று கம்பெனி தரும் ரிலீவிங் லெட்டருக்காக. அடுத்த கம்பெனியின் பின்னணிச் சரிபார்ப்பில் அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் ஆஃபர் நின்றுவிடும். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் பி.எஃப்.புக்கான யு.ஏ.என். எண் ஒன்றே ஒன்றுதான் என்பதால், எங்கே எப்போது சேர்ந்தோம், விலகினோம் என்பதையும் மறைக்க முடியாது. அடுத்த கம்பெனியும் இதே தொண்ணூறு நாள் விதியை வைத்திருக்கிறது, அதனால் முந்தைய கம்பெனியின் தாளை அது தட்டாமல் கேட்கிறது.

இந்த விதி கம்பெனிகளையே திருப்பிக் கடிக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆள் எடுப்பவர்களுக்கு உடனே ஆள் வேண்டும். பதினைந்து நாளில் சேர முடியுமா என்று கேட்பார்கள். தொண்ணூறு நாள் என்று சொன்னால் போனை வைத்துவிடுவார்கள். ஆகவே டெவலப்பர் முதலில் பேப்பர் போடுகிறார், அப்புறம்தான் வேலை தேடுகிறார். கடைசி முப்பது நாளில் மளமளவென்று ஆஃபர்கள் வரும். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்ததில் பத்து சதவீதம் கூடுதலாகக் கேட்பார். சேரும் நாளன்று பாதிப் பேர் வராமல் போகலாம் என்று கணித்து, கம்பெனி ஓர் இடத்துக்கு இரண்டு ஆஃபர் கொடுக்கிறது. சிலருக்கு ஆஃபர் லெட்டர் கையில் இருக்கும்போதே சேரும் தேதி தள்ளிப்போய், கடைசியில் ஆஃபரே ரத்தாகிவிடுகிறது. பழைய வேலையையும் விட்டாயிற்று, புதியதும் இல்லை. இளைஞர்களுக்கு விசுவாசம் இல்லை என்று மேடையில் வருத்தப்படும் நிறுவனத் தலைவர்கள், முதலில் தங்கள் நோட்டீஸ் விதியை எடுத்துப் படிக்க வேண்டும்.

ராத்திரிக் கால் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் காலை பத்து மணி என்றால் நமக்குக் கோடையில் ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்தால், திங்கட்கிழமை முதல் வேளச்சேரியில் ஒரு வீட்டின் இரவுச் சாப்பாடு ஒரு மணிநேரம் தள்ளிப்போகிறது. காலை பத்துக்கு வந்தவர் இரவு ஒன்பதரைக்கு லேப்டாப்பை மூடினாலும் டைம்ஷீட்டில் எட்டு மணிநேரம்தான். ஒப்பந்தத்தில் எட்டுதான் விற்றிருக்கிறார்கள். வாரம் எழுபது மணிநேரம் இளைஞர்கள் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி 2023 அக்டோபரில் சொன்னபோது ஐ.டி. ஊழியர்களுக்கு அவ்வளவு கோபம் வந்ததற்கு இது ஒரு காரணம். கணக்கில் ஏறாத மணிநேரங்களை ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் அது சொல்லப்பட்டது.

டெவலப்பரின் மனதை உள்ளுக்குள் அரிக்கும் விஷயம் வேறொன்று. அது வேலையின் தரம். ஐ.பி.எம்.மில் ஓ.எஸ்./360 என்ற மாபெரும் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-இலேயே ஒன்றைச் சொல்லிவிட்டார்: தாமதமாகிவிட்ட மென்பொருள் திட்டத்தில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரம், ஆட்களுக்கு இடையே பேச வேண்டிய பேச்சு எல்லாம் பெருகிவிடுகிறது என்பது காரணம். ஆளும் மாதமும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளக்கூடிய அளவுகள் அல்ல என்றார் அவர். நம்முடைய விலைப்பட்டியல் முழுவதும் அவை மாற்றிக்கொள்ளக்கூடியவை என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. புராஜெக்ட் ‘ரெட்’ ஆனதும், அதாவது சிக்கலில் இருப்பதாகக் குறிக்கப்பட்டதும், கிளையன்ட்டைச் சமாதானப்படுத்த நாலு பேரைக் கூடுதலாகப் போடுவார்கள். ஏற்கெனவே மூச்சுத் திணறும் இருவர் அந்த நாலு பேருக்கும் உட்கார்ந்து விளக்க வேண்டும்.

நல்ல வேலைக்கு இங்கே ஊக்கமும் இல்லை. தானாக ஓட வேண்டிய ஒரு பேட்ச் வேலை தினமும் அதிகாலை மூன்று மணிக்கு நின்றுபோகிறது, ஷிஃப்டில் இருப்பவர் எழுந்து கையால் மறுபடி ஓட்டிவிடுகிறார், டிக்கெட்டை (பழுதுப் பதிவை) மூடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டேட்டாபேஸில் ஒரு இண்டெக்ஸ் சேர்த்து, நாற்பது வரிக் குறியீட்டைத் திருத்தினால் அது நிரந்தரமாகச் சரியாகிவிடும். அதைச் செய்த டெவலப்பருக்கு என்ன கிடைக்கும்? மாதத்துக்கு முப்பது டிக்கெட் குறையும். டிக்கெட் குறைந்தால் ஷிஃப்டுக்கு ஆள் குறையும். ஆள் குறைந்தால் பில் குறையும். யாரும் வாய்விட்டு வேண்டாம் என்று சொல்வதில்லை, ஆனால் அதற்கு நேரமும் ஒதுக்குவதில்லை. டெஸ்ட் எழுதுவதும் பழைய நிரலைச் சுத்தம் செய்வதும் இப்படியே அடுத்த ஸ்பிரிண்டுக்கு, அதாவது அடுத்த வேலைத் தவணைக்கு, தள்ளப்படுகின்றன. தன் வேலையை நேசித்து வந்தவர்கள் மூன்று நான்கு வருஷத்தில் வெறுத்துப்போவது இதனால்தான் என்று உறுதியாக நம்புகிறேன். சம்பளம் குறைவாக இருப்பதைக்கூடத் தாங்கிக்கொள்வார்கள். தெரிந்த வேலையைத் தெரிந்தபடி செய்ய முடியாததுதான் அவர்களை உடைக்கிறது.

அப்ரைசல் (வருட மதிப்பீடு) கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜெனரல் எலக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் பரப்பிய முறை அது. மேலே இருபது, நடுவில் எழுபது, கீழே பத்து சதவீதம் என்று ஆட்களைப் பிரித்தாக வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2013-இல் அந்த முறையைக் கைவிட்டது. இங்கே பல இடங்களில் பெயர் மாறி இன்னும் ஓடுகிறது. பத்துப் பேர் கொண்ட நல்ல அணியிலும் ஒருவர் கடைசி ரேட்டிங்கை வாங்கித்தான் ஆக வேண்டும். அது பெரும்பாலும் பிரசவ விடுப்பு முடிந்து வந்தவராகவோ, வருஷ நடுவில் அணி மாறியவராகவோ இருக்கும்.

எட்டு, பத்து வருஷ அனுபவத்தில் வரும் நெருக்கடிக்குக் கொஞ்சம் நின்று காரணம் பார்க்க வேண்டும். கிளையன்ட் கொடுக்கும் மணிநேர விலை ஓரளவுக்கு மேல் ஏறாது. டெவலப்பரின் சம்பளம் வருஷா வருஷம் ஏறும். ஒரு கட்டத்தில் இரண்டும் நெருங்கி வந்துவிடும். அதனால் கம்பெனிகள் கீழே நிறைய ஃப்ரெஷர்கள், நடுவில் கொஞ்சம் லீடுகள், மேலே சில மேனேஜர்கள் என்று பிரமிடு கட்டுகின்றன. அனுபவம் கூடிய டெவலப்பர் அந்தப் பிரமிடில் மேலே ஏற வேண்டும், இல்லாவிட்டால் வெளியேற வேண்டும். தொடர்ந்து நன்றாகக் கோட் எழுதுகிறேன் என்பதற்கு அதில் இடமே ஒதுக்கப்படவில்லை. மேனேஜரானாலும் நிம்மதி கிடையாது. டி.சி.எஸ். 2025 ஜூலையில் தன் ஊழியர்களில் 2 சதவீதம், அதாவது 12,000-க்கு மேற்பட்டோரைக் குறைப்பதாக அறிவித்தபோது, பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலைப் பதவிகளில் இருப்பவர்களே அதில் வருவார்கள் என்று சொன்னது. கோட் எழுதுவதை விடச் சொன்ன அதே அமைப்பு, பத்து வருஷம் கழித்துத் தொழில்நுட்பம் தெரியவில்லை என்று சொல்லி அனுப்புகிறது. ஆன்சைட், அதாவது வெளிநாட்டுக் கிளையன்ட் இடத்துக்கே, போய்விடலாம் என்ற பழைய வழியும் குறுகிவிட்டது. அங்கே வேலை செய்வதற்கான எச்-1பி விசாவுக்கு வெளிநாட்டிலிருந்து செய்யப்படும் புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அமெரிக்கா அறிவித்தது.

இப்போது ஏ.ஐ. வந்திருக்கிறது. கோட் எழுத உதவும் கிட்ஹப் கோபைலட் 2022-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது, அதே ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி. இந்தக் கருவிகள் டெவலப்பரின் வேலையைப் பறிக்குமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். எந்தக் கம்பெனியில் என்று திருப்பிக் கேட்பேன். சொந்த மென்பொருளை விற்கும் கம்பெனியில் எட்டு மணிநேர வேலை நாலு மணிநேரத்தில் முடிந்தால், மீதி நாலு மணிநேரம் லாபம், இன்னொரு அம்சத்தைக் கட்டலாம். மணிநேரத்தை விற்கும் கம்பெனியில் அது நாலு மணிநேர வருமான இழப்பு. கிளையன்ட்டும் சும்மா இருக்கமாட்டார், உங்கள் ஆட்கள் ஏ.ஐ. வைத்துச் செய்கிறார்கள் என்றால் விலையைக் குறையுங்கள் என்பார். ஒரே கருவி, ஒரே திறமையுள்ள டெவலப்பர், ஆனால் விளைவு நேர் எதிர்.

இதற்காகச் சர்வீஸ் கம்பெனியை விட்டுவிட்டு எல்லாரும் புராடக்ட் கம்பெனிக்கு ஓடுங்கள் என்று சொல்வது வெறும் பேச்சு. 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய ஸோஹோவும், 2010-இல் சென்னையில் பிறந்து 2021-இல் நாஸ்டாக்கில் பட்டியலான ஃப்ரெஷ்வொர்க்ஸும், இங்கிருந்து மென்பொருளை விற்க முடியும் என்று காட்டியிருக்கின்றன. ஆனால் அங்கே இருக்கும் இடங்கள் குறைவு. வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே நேரடியாக நடத்தும் ஜி.சி.சி. எனப்படும் மையங்கள் இந்தியாவில் 1,700-க்கு மேல் ஆகிவிட்டன. சம்பளம் நன்றாக இருக்கும், நோட்டீஸும் சில இடங்களில் குறைவு. ஆனால் தலைமையகத்தின் கண்ணில் பல மையங்கள் செலவுக் கணக்காகவே இருக்கின்றன. முடிவுகள் அங்கே எடுக்கப்பட்டு டிக்கெட்கள் மட்டும் இங்கே வந்தால், கட்டடம்தான் மாறியிருக்கும்.

ஆகவே வேலை மாறுகிறவர்கள் ஹைக் (சம்பள உயர்வு) எவ்வளவு என்று கேட்பதோடு இன்னும் சிலவற்றையும் கேட்க வேண்டும் என்பேன். நான் எழுதப்போகும் மென்பொருளை யார் காசு கொடுத்துப் பயன்படுத்துகிறார்கள்? அதில் தவறு வந்தால் என்ன செய்வது என்று முடிவெடுப்பவர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார்? பத்து வருஷ அனுபவத்துக்கு மேல் இன்னும் கோட் எழுதிக்கொண்டிருப்பவர்கள் அணியில் எத்தனை பேர்? கடைசிக் கேள்விக்கு இன்டர்வியூ எடுப்பவர் தடுமாறினால் அதுவே பதில். சர்வீஸ் கம்பெனியில்தான் இருக்க வேண்டிய நிலை என்றால், ஒரு டொமைனை, அதாவது ஒரு தொழில்துறையின் அறிவை, பிடித்துக்கொள்ளுங்கள். வங்கியின் பணப்பரிமாற்றம், காப்பீட்டுக் கோரிக்கை, மருத்துவமனை பில்லிங், எதுவானாலும் சரி. ஃபிரேம்வொர்க் (நிரல் எழுதும் கருவித்தொகுப்பு) மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாறும். ஒரு வங்கியில் நள்ளிரவில் கணக்கு எப்படி நேர் செய்யப்படுகிறது என்பது அவ்வளவு சீக்கிரம் மாறாது, அது தெரிந்தவரைப் பட்டியலில் வெறும் ‘ரிசோர்ஸ்’ என்று போட்டு மாற்றுவதும் கடினம்.

சட்டம் பற்றியும் நம்மவர்களுக்குத் தெரிந்தது குறைவு. ஐ.டி. ஊழியர்களுக்குத் தொழிலாளர் சட்டம் கிடையாது என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது, அது தவறு. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டமே தொழில்நுட்ப வேலை செய்பவரையும் தொழிலாளர் என்றுதான் சொன்னது. பதவியின் பெயரைப் பார்க்காமல், செய்யும் வேலை என்ன என்பதை நீதிமன்றங்கள் பார்க்கும். ‘அசோசியேட் மேனேஜர்’ என்று அட்டையில் போட்டுவிட்டதால் மட்டும் ஒருவர் நிர்வாகி ஆகிவிடமாட்டார். 2015 ஜனவரியில் கர்ப்பிணியான ஒரு டி.சி.எஸ். ஊழியரின் பணிநீக்கத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கச் சட்டத்தில் தடை இல்லை என்று 2016-இல் தமிழக அரசு தெளிவுபடுத்தியது. 2025 நவம்பர் 21-இல் மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகுபவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். ‘ஃபுல் அண்ட் ஃபைனல்’ என்னும் கடைசிக் கணக்கு முடிப்பு நாற்பத்தைந்து நாளாகும் என்று எச்.ஆர். சொன்னால், இந்த விதியைக் காட்டி எழுத்தில் பதில் கேளுங்கள்.

அரசு செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது, அதைக் கேட்க நமக்குத் தயக்கம் வேண்டாம். நோட்டீஸ் காலத்துக்கு உச்சவரம்பு ஒரு மாதம். ஊழியருக்கு எத்தனை நாளோ கம்பெனிக்கும் அத்தனை நாள். கடைசி வேலை நாளன்று ரிலீவிங் லெட்டரைக் கையில் கொடுப்பது கட்டாயம், நிறுத்திவைத்தால் அபராதம். இதற்குக் கருவூலத்திலிருந்து ஒரு பைசா செலவில்லை. சென்னையின் ஐ.டி. சாலையான ஓ.எம்.ஆர். முழுக்க உள்ள கம்பெனிகளுக்கும் விதி ஒன்றாகிவிடுவதால், யாரும் யாரை விடவும் நஷ்டப்படப் போவதில்லை.